லிவிங்ஸ்டோனி: செத்தது போல் கிடந்து வேட்டையாடும் சிக்லிட்டை வளர்க்க முழுமையான வழிகாட்டி

கடையில் ஐந்து சென்டிமீட்டர் குஞ்சாக, வெள்ளைமேல் பழுப்புத் திட்டுகளோடு அழகாக இருக்கும். அதைப் பார்த்து வாங்கி, மற்ற வண்ண மீன்களோடு இரண்டடித் தொட்டியில் விட்டவர்கள் எல்லோருக்கும் முடிவு ஒன்றுதான்: சிறிய மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், பிறகு லிவிங்ஸ்டோனியும் வயிறு வீங்கிச் சாகும். மீனைக் கடைசியாகவும் மணலையும் தண்ணீரையும் முதலாகவும் வைத்து வேலை செய்தால் இது நடக்காது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் மீனின் பிழைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

நிம்போக்ரோமிஸ் லிவிங்ஸ்டோனி ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி, அதிலிருந்து புறப்படும் ஷைர் ஆற்றின் மேல்பகுதி, மலோம்பே ஏரி ஆகிய இடங்களில் மட்டும் வாழ்கிறது. நம் ஊர்க் குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீனும் இதே சிக்லிட் குடும்பம்தான். ஆனால் ஜிலேபி பாசியையும் சகதியையும் மேய்ந்து பிழைக்கும். இது மீன் தின்னும் மீன்.

ஏரியில் இதன் இடம் மணல்தரை. பாறைகள் முடிந்து மணல் தொடங்கும் எல்லையிலும், நாடாபோல் நீண்ட வாலிஸ்னேரியா செடிகள் அடர்ந்த ஆழமில்லாத பகுதிகளிலும் திரியும். முழு வளர்ச்சியில் ஆண் 25 சென்டிமீட்டர் வரை வரும், பெண் சற்றுச் சிறியது.

வேட்டை இப்படி: மணலில் மெல்ல இறங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து, அசையாமல் கிடக்கும். உடம்பின் திட்டுகள் அழுகத் தொடங்கிய மீனைப் போலவே தெரியும். செத்த மீனைக் கொத்தலாம் என்று சிறிய சிக்லிட்டுகள் நெருங்கும். எட்டும் தூரத்துக்கு வந்ததும் பக்கவாட்டில் ஒரே வெட்டு, விழுங்கிவிடும். மலாவி ஏரிக்கரை மக்கள் இதைக் 'கலிகோனோ' என்கிறார்கள். தூங்குபவன் என்று பொருள்.

இந்த ஒரு பழக்கத்திலிருந்தே உங்கள் தொட்டிக்கான மூன்று விதிகளும் கிடைத்துவிடுகின்றன. படுக்க இடம் வேண்டும், அதனால் நீளமும் அகலமும் உள்ள திறந்த மணல்தரை. பதுங்கி ஒரே வாயில் விழுங்கும் மீன் என்பதால் அதன் வாய்க்குள் நுழையும் எதுவும் தொட்டியில் இருக்கக் கூடாது. அடிக்கடி 'செத்துக் கிடக்கும்' மீன் என்பதால் எது நடிப்பு, எது நோய் என்று வளர்ப்பவருக்குப் பிரித்துத் தெரிய வேண்டும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கண்ணாடி 12 மில்லிமீட்டர். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 600 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளுக்கு நாலடித் தொட்டி சில மாதம் போதும் என்பது உண்மை. ஆனால் நன்றாகத் தின்றால் ஒரு வருடத்திலேயே 15 சென்டிமீட்டரை எட்டிவிடும். 'பிறகு பெரிய தொட்டி வாங்கலாம்' என்று தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வாங்குவதில்லை.

இதோடு சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) அல்லது கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிவ வடிகட்டி), பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, தனிமைப்படுத்த 60 முதல் 100 லிட்டர் தொட்டி ஒன்று, முழுத் தொட்டியையும் மூடும் மூடி. சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியில் பி.எச். (அமில-கார அளவு), கே.எச். (பைகார்பனேட் அளவு), ஜி.எச். (கால்சியம், மக்னீசியம் அளவு), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆறும் இருக்க வேண்டும். டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு) மீட்டர் ஒன்று, ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று.

தராசு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உப்புகளைக் கரண்டிக் கணக்கில் போட்டால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும். இந்த மீன் எந்த அளவு கே.எச்.சையும் ஓரளவு தாங்கும். வாரா வாரம் அது ஏறி இறங்குவதைத் தாங்காது.

3. தொட்டி நிற்கும் இடம்

தண்ணீர், கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 900 கிலோவை நெருங்கும். தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மாடி என்றால் கீழே பீம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள். கட்டடம் பழையது என்றால் பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டிக்கு அடியில் 10 மில்லிமீட்டர் தெர்மோகோல் விரியுங்கள். நிரப்பிய பிறகு மட்டம் சரிசெய்ய முடியாது. மேற்கு வெயில் விழும் ஜன்னல் ஓரம் வேண்டாம்; கோடையில் அதன் விலை 12ஆம் பகுதியில் தெரியும்.

4. கல் முதலில், மணல் அடுத்து

புதியவர்கள் அதிகம் தலைகீழாகச் செய்யும் படி இது. மணலைக் கொட்டிவிட்டு அதன்மேல் கல் அடுக்குகிறார்கள். லிவிங்ஸ்டோனி ஆண் முட்டையிடும் காலத்தில் மணலை வாரிக் குழி பறிக்கும். கல்லுக்கு அடியில் மணல் போனால் கல் சரியும். சரியும் கல் கண்ணாடியில் விழும்.

அதனால் வெறும் கண்ணாடிமேல் மெல்லிய ஃபோம் துண்டு வைத்து, அதன்மேல் கல்லை நிறுத்துங்கள். கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள்.

கல் அதிகம் வேண்டாம். தொட்டியின் ஒரு ஓரத்தில், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நான்கைந்து பெரிய கருங்கற்கள் போதும். மலாவித் தொட்டி என்றாலே சுவர்போல் கல் அடுக்கும் பழக்கம் இருக்கிறது. அது பாறைப்பாசி மேயும் எம்புனா வகைகளுக்கானது. லிவிங்ஸ்டோனிக்குத் தேவை மீதி இரண்டு பங்கு வெறும் மணல். கல் நிறைந்த தொட்டியில் இந்த மீன் படுக்கவே படுக்காது, ஓரமாக மிதந்துகொண்டே இருக்கும். இதை வாங்கியதே வீண்.

மணல் 4 சென்டிமீட்டர் உயரம். ஆறடித் தொட்டிக்கு ஏறக்குறைய 70 கிலோ ஆகும். நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணலில் மெல்லிய ரகம் நல்லது. கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்ட் கூடவே கூடாது. உடைத்த கல் என்பதால் விளிம்பெல்லாம் கூர்மை; பக்கவாட்டில் படுக்கும் மீனின் செதிளையும், மணலை வாயில் அள்ளும்போது செவுளையும் கீறும். கடற்கரை மணலில் உப்பும் மட்கும் பொருளும் இருக்கும், அதுவும் வேண்டாம்.

பக்கெட்டில் கால்வாசி மணல் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி ஊற்றுங்கள். தெளியும்வரை பத்துப் பதினைந்து முறை ஆகும். அவசரப்பட்டு நிறுத்தினால் தூசி பம்பின் இம்பெல்லருக்குள் போய் அதைத் தேய்த்துவிடும்.

5 சென்டிமீட்டருக்கு மேல் மணல் வேண்டாம். அடியில் ஆக்சிஜன் போகாமல் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். மீன் குழி பறிக்கும்போது அந்த வாயு ஒரேயடியாக வெளியே வரும்.

வாலிஸ்னேரியா நட விரும்பினால் ஒரு மூலையில், மணலுக்குள் புதைத்த சிறு பூந்தொட்டிகளில் நடுங்கள். நேரே மணலில் நட்டால் வேர் பிடிக்கும்முன் பிடுங்கி மிதக்கவிடும்.

5. தண்ணீர்: உப்புத் தண்ணீர் என்பது கடினத் தண்ணீர் ஆகாது

'மலாவி மீனுக்குக் கடினமான தண்ணீர் வேண்டும், எங்கள் போர் தண்ணீர் கடினம்தான்' என்று நேரே ஊற்றுகிறவர்கள் நிறைய. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மலாவி ஏரித் தண்ணீரின் மின்கடத்துதிறன் 210 முதல் 285 மைக்ரோசீமென்ஸ். டி.டி.எஸ். கணக்கில் 200க்கும் கீழே. பி.எச். 7.7 முதல் 8.6 வரை. அதாவது ஏரியில் கரைந்துள்ள உப்பு மிகக் குறைவு. உள்ளதில் பெரும்பங்கு பைகார்பனேட் என்பதால் பி.எச். உயர்ந்து நிலையாக நிற்கிறது. நம் போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1200 காட்டினால் அதில் பெரும்பகுதி சாதாரண உப்பாக இருக்கலாம். அந்த உப்பால் பி.எச். நிலைக்காது.

தொட்டிக்கான இலக்கு: பி.எச். 7.8 – 8.5, கே.எச். 6 – 10, ஜி.எச். 6 – 12, டி.டி.எஸ். 600க்குள், வெப்பம் 24 – 28 டிகிரி.

அளக்கும் முறையிலும் ஒரு பிழை நடக்கிறது. போரிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீரில் கார்பன் டைஆக்சைடு அதிகம் கரைந்திருக்கும், பி.எச். குறைவாகக் காட்டும். டிரம்மில் பிடித்து 24 மணிநேரம் ஏர் பம்ப் ஓட விட்டு அளந்தால்தான் உண்மை அளவு. இரும்பு கலந்திருந்தால் அதுவும் இந்த நேரத்தில் பழுப்பாகப் படிந்துவிடும். நைட்ரேட்டையும் அப்போதே பாருங்கள். சில ஊர்களில் கிணற்றிலிருந்தே 40, 50 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) நைட்ரேட் வரும், அந்தத் தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் தொட்டி சுத்தமாகாது.

உங்கள் தண்ணீர் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

டி.டி.எஸ். 600க்குள், கே.எச். 6க்கு மேல்: ஊறவைத்து அப்படியே பயன்படுத்துங்கள்.

டி.டி.எஸ். அதிகம்: ஆர்.ஓ. தண்ணீரையோ மழைநீரையோ கலந்து இறக்குங்கள். 1200 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கும் 50 உள்ள ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு பங்கும் சேர்ந்தால் 430 அளவில் நிற்கும். கலந்த பிறகு கே.எச்.சை மீண்டும் அளந்து பாருங்கள், அதுவும் குறைந்திருக்கும்.

ஆர்.ஓ. அல்லது மிக மென்மையான தண்ணீர் மட்டும் உண்டு: 100 லிட்டருக்குச் சமையல் சோடா 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். எப்சம் உப்பு 4.5 கிராம் போட்டால் ஜி.எச். ஒரு டிகிரி ஏறும். கே.எச்.சைப் பூஜ்யத்திலிருந்து 7க்குக் கொண்டுபோக 100 லிட்டருக்குச் சோடா 21 கிராம். தனி டிரம்மில் கரைத்து ஊற்றுங்கள், தொட்டியில் நேரே தூவாதீர்கள். கால்சியத்துக்கு, கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் தூளில் ஒரு கிலோவை வலைப்பையில் கட்டி சம்ப்பில் போடுங்கள். கடலோரத்தில் பவளத் துண்டு பொறுக்கி வந்து போடும் யோசனை வேண்டாம். பவளம் எடுப்பது நம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கிளிஞ்சல் போட்டால் சோடா தேவையில்லை என்று நினைத்து ஏமாற வேண்டாம். தண்ணீர் பி.எச். எட்டை நெருங்கும்போது கிளிஞ்சல் கரைவது அநேகமாக நின்றுவிடும். அது சரிவைத் தடுக்கும், ஏற்றிவிடாது.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்க வேண்டும். குளோரின் 1 பி.பி.எம். இருந்தால் 100 லிட்டருக்குச் சோடியம் தயோசல்ஃபேட் முக்கால் கிராம் போதும்.

6. ஃபில்டரும் மீனில்லாத ஆறு வாரமும்

மணிக்கு 4000 லிட்டர் சுழற்சி வேண்டும். 600 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய ஏழு முறை சுற்றும் அளவு. ஒரே சாப்பாட்டில் நிறையப் புரதம் தின்று, நிறையக் கழிக்கும் மீன் இது. பம்பின் உறிஞ்சுவாய் மணலிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

சம்ப், கேனிஸ்டர் இரண்டில் நம் ஊருக்குச் சம்ப் நல்லது. கரண்ட் போனால் மூடிய கேனிஸ்டருக்குள் சில மணிநேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கேனிஸ்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், மூன்று மணிநேரத்துக்கு மேல் நின்றபின் கரண்ட் வந்ததும் ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். சம்ப் கட்டும்போது, பம்ப் நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரும் கொள்ளும்படி காலி இடம் விடுங்கள். நிரப்பிய நாளிலேயே சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள். நள்ளிரவில் தரை நனைந்து தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, மீன் கழிவில் வரும் அம்மோனியா நஞ்சை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை, மீன் இல்லாமலே ஃபில்டரில் வளர்க்க வேண்டும். 600 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 4 கிராம் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். அளவுக்கு வரும். நாட்டுமருந்துக் கடையில் நவச்சாரம் என்று கேட்டால் கிடைப்பதும் இதுதான், ஆனால் தூய்மை நிச்சயமில்லை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். பூஜ்யமாகும்போதெல்லாம் அதே 4 கிராம் மீண்டும்.

போட்ட 24 மணிநேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் பாதியாகக் குறையும். இந்தக் காலத்தில் கே.எச். இறங்கிக்கொண்டே வரும், ஏனென்றால் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது பைகார்பனேட்டையும் செலவழிக்கிறது. 4க்குக் கீழ் போனால் சோடா சேருங்கள்.

வேறு மீன்களில் இந்தப் பாக்டீரியா வளர்ப்பு (சைக்கிள்) முடியாமலே சமாளித்தவர்கள் இங்கே தோற்கக் காரணம் இருக்கிறது. அம்மோனியாவின் நஞ்சு பி.எச்.சைப் பொறுத்தது. 28 டிகிரியில், பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8.4 என்றால் அது 15 சதவீதம். அதே 1 பி.பி.எம்., இருபது மடங்கு விஷம்.

7. கடையில் சரியான மீனைத் தேர்ந்தெடுத்தல்

சென்னை கொளத்தூர் போன்ற மொத்தச் சந்தைகளில் மலாவிக் குஞ்சுகள் கலந்தே வரும். நிம்போக்ரோமிஸ் இனத்தில் நான்கைந்து வகைகள் குஞ்சில் ஒன்றுபோல் இருக்கும். பெரிய, ஒழுங்கற்ற பழுப்புத் திட்டுகள் மட்டும், நடுவில் சுத்தமான வெள்ளை: லிவிங்ஸ்டோனி. அதே திட்டுகளோடு உடம்பெல்லாம் சிறு புள்ளிகளும் தூவியிருந்தால் பாலிஸ்டிக்மா. மஞ்சள் சாயலில் ஒட்டகச்சிவிங்கித் தோல்போல் வட்டத் திட்டுகள் என்றால் வெனஸ்டஸ். வாய் குழாய்போல் கீழ்நோக்கி நீண்டிருந்தால் லின்னி.

இவை ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கும். கலப்பினக் குஞ்சை வாங்கினால் திட்டுகள் மங்கி, எதிலும் சேராத மீனாக வளரும். சந்தேகமாக இருந்தால் வாங்காதீர்கள்.

5, 6 சென்டிமீட்டர் அளவில் ஆறிலிருந்து எட்டுக் குஞ்சு வாங்குங்கள். அந்த வயதில் ஆண்பெண் தெரியாது. வளர்ந்தபின் தலையில் நீலம் ஏறும் ஆண்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆண்களைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் நின்றால், ஆணின் துரத்தல் ஒரே பெண்மேல் விழாது. ஜோடியாக வைத்தால் பெண் சில வாரத்தில் துடுப்பு கிழிந்து மூலையில் நிற்கும்.

கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னாத, வயிறு ஒட்டிய, வெள்ளை நூல்போல் கழிக்கும் மீன் உள்ள தொட்டியிலிருந்து ஒன்றும் வேண்டாம், அதிலுள்ள நல்ல மீனும்தான். தொட்டியின் டி.டி.எஸ்.சையும் அங்கேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

மீன் நேரே பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது. தனித்தொட்டியில் மூன்று நான்கு வாரம் இருக்கட்டும். அந்தத் தொட்டியின் டி.டி.எஸ்.சை கடைத் தொட்டியின் அளவுக்கு அருகில் வைத்திருங்கள், பிறகு வாரம் இருமுறை தண்ணீர் மாற்றும்போது உங்கள் அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

பையை மூடியபடி 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, மீனை வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள். மணிக்கணக்கில் பைக்குள்ளேயே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முறை நீண்ட பயணம் வந்த மீனுக்கு ஆபத்து. மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும். நிதானம் காட்டுவதாக நினைத்து மீனை அந்தத் தண்ணீரில் ஒரு மணிநேரம் வைத்திருப்பார்கள்.

முதல் நாள் தீனி இல்லை, விளக்கும் இல்லை.

9. யாரோடு சேர்க்கலாம்

விதி எளிது: லிவிங்ஸ்டோனியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும் மீன், அதே வேகத்தில் வளரும் மீன். ஃபோசோரோக்ரோமிஸ் ரோஸ்ட்ரேட்டஸ், டிமிடியோக்ரோமிஸ் கம்ப்ரெசிசெப்ஸ், ஏரியின் சொந்தக் கெளுத்தியான சைனோடான்டிஸ் நியாசே ஆகியவை பொருந்தும். ஆறடித் தொட்டியில் லிவிங்ஸ்டோனிக் கூட்டத்தோடு இன்னொரு பெரிய வகை போதும், எல்லாவற்றையும் ஒன்றாக அடைக்காதீர்கள்.

எம்புனா கூடாது. சிறியது விழுங்கப்படும் என்பது ஒரு காரணம். எம்புனாவுக்குச் செடித் தீனி, இதற்குப் புரதத் தீனி என்பது இன்னொன்று. ஒரே தொட்டியில் இருவருக்கும் சரியாகப் போட முடியாது. அதே நிம்போக்ரோமிஸ் இனத்தின் வேறு வகைகளும் கூடாது, காரணம் மேலே சொன்ன கலப்பு.

10. தீனி

மீன்தூளை முதல் பொருளாகக் கொண்ட, 40 – 45 சதவீதம் புரதமுள்ள, மூழ்கும் பெல்லட் அன்றாடத் தீனி. வாரம் இரண்டு முறை தோலுரித்த இறால் துண்டு. குஞ்சுக்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, 12 சென்டிமீட்டருக்கு மேல் ஒரே வேளை, வாரம் ஒருநாள் பட்டினி.

ஒரு நிமிடத்தில் முடியும் அளவுதான் போடுங்கள். 'இன்னும் கேட்கிறதே' என்று தோன்றும். ஏரியில் இந்த மீனுக்கு அடுத்த வாய் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அதனால் கிடைக்கும்போதெல்லாம் விழுங்கும் உடம்பு அது. கண்ணாடியருகே வந்து கெஞ்சுவது பசிக்கு அடையாளமே இல்லை.

உயிர்மீன் போட்டு வேட்டையைப் பார்க்கும் ஆசைதான் அதிக மீன்களைக் கொன்றிருக்கிறது. கடையில் தீனிக்கென்று விற்கும் மலிவான மீன்கள் நெரிசலில் வளர்ந்தவை, ஒட்டுண்ணியோடு வரும். தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் வைட்டமின் பி1 குறைந்து மீன் தள்ளாடும். மாட்டிதயம், கோழி ஈரல் இரண்டும் வேண்டாம். நிலவிலங்கின் கொழுப்பை இதன் குடல் சரியாகச் செரிக்காது. டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் பிறந்தது, அதையும் தவிருங்கள்.

உயிர்மீன் இல்லாவிட்டாலும் மீன் படுத்து நடிக்கும். மணலும் அமைதியும் இருந்தால் போதும்.

11. கிடக்கிறது: நடிப்பா, நோயா?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். இருவகைத் தவறும் நடக்கிறது. படுத்த மீனைப் பார்த்துப் பயந்து, நல்ல தொட்டியில் மருந்தைக் கொட்டி பாக்டீரியாவைக் கொன்றவர்கள் உண்டு. 'இது படுக்கும் மீன்தானே' என்று மூன்று நாள் விட்டுவிட்டு நான்காம் நாள் வெளியே எடுத்தவர்களும் உண்டு.

மீன் நலமாக இருக்கும்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். அது அமைதியாக நிற்கும்போது செவுள்மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி, நாளும் வெப்பமும் சேர்த்துக் குறியுங்கள். மூன்று நான்கு நாள் எண்ணினால் உங்கள் மீனின் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். அந்த எண்தான் பிறகு உங்களுக்குச் சாட்சி.

நடிப்பு என்றால்: திறந்த மணலில், ஆள் பார்க்கும் இடத்தில் கிடக்கும். திட்டுகள் அழுத்தமாக, வெள்ளை பளிச்சென்று இருக்கும். செவுள் அசைவு வழக்கமான கணக்கிலோ அதற்குக் கீழோ இருக்கும். கண் மட்டும் அக்கம்பக்கம் சுழலும். தீனி டப்பாவைக் காட்டினால் எழுந்து வந்துவிடும். சில நிமிடங்களில் இடம் மாற்றி வேறெங்காவது படுக்கும்.

நோய் என்றால்: மூலையிலோ, ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலோ, தண்ணீர் மேல்மட்டத்திலோ ஒதுங்கும். திட்டும் வெள்ளையும் கலந்து உடம்பெல்லாம் கருத்துத் தெரியும். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். செவுள் உங்கள் குறிப்பைவிட வெகுவேகமாக அடிக்கும். தீனிக்கு வராது, அல்லது வாயில் எடுத்துத் துப்பும். நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தத் துப்பல்தான்.

நோய் பக்கம் தெரிந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ சிறிதளவு காட்டினாலும், வெப்பமும் பி.எச்.சும் பொருத்திய தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். செவுள் வேகத்துக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தண்ணீர் சரியாக இருந்து, வயிறு வீங்கி, வெள்ளை நூல்போல் கழிந்தால் அது மலாவி வீக்கம் எனப்படும் குடல்நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, தீனியை நிறுத்தி, 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் கரைத்து விடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றி அதே அளவை மீண்டும், மொத்தம் மூன்று முறை. மருத்துவர் சீட்டில் தரும் மருந்து இது; கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு நாளில் பிடித்தால் பிழைக்கும். செதிள்கள் அன்னாசிப்பழம்போல் நிமிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

12. வாராந்திர வேலையும் கோடையும்

வாரம் 30 – 40 சதவீதம் தண்ணீர் மாற்றம். நைட்ரேட் 20 பி.பி.எம். தாண்டாத அளவுக்குச் சதவீதத்தை ஏற்றியோ இறக்கியோ கொள்ளுங்கள். மணலின் மேல்பரப்பைச் சைஃபன் குழாயால் விரல்கனம் மேலே பிடித்து உறிஞ்சுங்கள். வாரம் ஒருமுறை விரலால் மணலைக் கிளறிவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். மூடியின் ஒருபகுதிக்கு வலை போட்டு, அதன்மேல் சிறிய மின்விசிறியைத் தண்ணீர்ப்பரப்பு நோக்கி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊரில் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அவ்வளவு குறையாது. அங்கே அறைக்கு ஏ.சி. அல்லது தொட்டிக்குச் சில்லர்தான் வழி. விசிறியால் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். போர் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் டி.டி.எஸ். ஏறிக்கொண்டே போகும்.

வெயில் காலத்தில் தீனியைப் பாதியாக்குங்கள்.

13. வாயில் குஞ்சு

ஆணின் உடம்பு கருநீலமாகித் திட்டுகள் மறைந்தால் முட்டைக்குத் தயார். பெண் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். தாடைக்கீழ் உப்பி, தீனிக்கு வராமல், மெல்லுவதுபோல் வாயை அசைக்கும். இதை 11ஆம் பகுதியின் நோயோடு குழப்பாதீர்கள்: இங்கே வீங்குவது தொண்டை, வயிறு ஒட்டியிருக்கும்.

27 டிகிரியில் மூன்று வாரம் சுமக்கும். நாளைக் குறித்துக்கொண்டு, 15ஆம் நாள் இரவு விளக்கணைத்தபின் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். வலையைவிடப் பெரிய பாத்திரத்தில் தண்ணீரோடு முகந்து எடுப்பது நல்லது. வலையில் துள்ளினால் முட்டையைத் துப்பிவிடும். முதல்முறை சுமக்கும் பெண் பாதியில் விழுங்கிவிடுவது சகஜம், கவலை வேண்டாம்.

குஞ்சுகளை வெளியே விட்டபிறகும் தாய் காவல் நிற்கும், ஆபத்து என்றால் மீண்டும் வாயில் வாங்கிக்கொள்ளும். அதனால் விட்ட அன்றே தாயைப் பிரிக்காதீர்கள். சில நாள் பார்த்துப் பிரிக்கலாம். குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறாலும் பொடித்த பெல்லட்டும் நாளைக்கு நான்கு வேளை. 3 சென்டிமீட்டரில் அளவு பார்த்துப் பிரியுங்கள், பெரியது சிறியதைத் தின்னத் தொடங்கும். மிஞ்சும் குஞ்சுக்கு வளர்ப்பவர்களை முன்பே பேசி வையுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ ஒன்றுகூடப் போகக் கூடாது. 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபி என்ன செய்தது என்பது ஒவ்வொரு குளத்திலும் தெரிகிறது.

தாய் மூன்று வாரம் பட்டினி கிடந்த மீன். அதை உடனே கூட்டத்தில் விட்டால் ஆண் அன்றே துரத்தும், ஓடத் தெம்பிருக்காது. பத்து நாளாவது தனியே வைத்து, இறாலும் பெல்லட்டும் சிறிது சிறிதாக நாளைக்கு இரண்டு வேளை கொடுத்து, முதுகுச் சதை மறுபடி உருண்டு நின்றபிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.